ஹாண்டிலைத் திருப்பும் முன் தலையைத் திருப்ப வேண்டும்: இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

இருசக்கர வாகனத்துக்கான ஓட்டுநர் உரிமத் தேர்வு என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எட்டு போடுவதுதான். காலை ஊன்றாமல் எட்டை முடித்துவிட்டால் வண்டி ஓட்டத் தெரியும் என்று வீட்டில் உள்ளவர்களும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த எட்டில் நமக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. வலப்புறம் வளையும்போது பேருந்து முந்துவதில்லை. இடப்புறம் வளையும்போது இடைவெளியில் ஸ்கூட்டர் நுழைவதில்லை. சாலைக்கு வந்த பிறகோ நாம் எடுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் யாராவது இருக்கிறார்கள். எட்டு போட்டுப் பழகிய கைகளுக்கு வண்டியைத் திருப்பத் தெரியும். திருப்பலாமா என்று பார்க்கும் பழக்கத்தைக் கழுத்துக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தைப் பற்றியது மட்டுமே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் தமிழ்நாடு இருந்தது. இங்கு மட்டும் 64,105 விபத்துகள் நடந்தன. ஒரு பழக்கம் இவை எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் பின்னால் இருந்து வந்த வண்டியைக் கவனிக்காமல் திரும்பியதால் நேரும் விபத்துகளைத் தடுக்க இதைவிட மலிவான வழி வேறில்லை. இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், அரை வினாடி போதும்.

நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் வண்டி ஓட்டும் பிரிட்டனில், திரும்புவதற்குச் சற்று முன் தோளுக்கு மேல் பார்க்கும் இந்தப் பார்வைக்கு ‘உயிர்காப்பான்’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு 1990 முதல் அங்கே கட்டாயமாக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியிலேயே இது கற்பிக்கப்படுகிறது. நம்மிடம் இதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. இந்தக் கட்டுரையில் இதைத் தோள்பார்வை என்று குறிப்பிடுகிறேன்.

கண்ணாடி இருக்கும்போது தலையை ஏன் திருப்ப வேண்டும்?

கண்ணாடி காட்டுவது பின்னால் உள்ள சாலை முழுவதையும் அன்று. விசிறியின் ஒரு மடிப்பைப் போல ஒடுங்கிய ஒரு பகுதியை மட்டுமே. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கடைக்கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய தோள் வரைக்கும்தான். கண்ணாடியின் எல்லை முடிவதற்கும் கடைக்கண்ணின் எல்லை தொடங்குவதற்கும் நடுவே, வலது முழங்கைக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டர் தொலைவில், எதிலும் அகப்படாத ஓர் இடம் இருக்கிறது. இடப்புறமும் இதே போல ஓர் இடம் உண்டு. ஒரு ஸ்கூட்டரோ ஆட்டோவோ அங்கே முழுமையாக மறைந்து நிற்கும். சில நேரங்களில் ஒரு கார்கூட மறையும். நம்மை முந்த வருகிற ஒவ்வொரு வண்டியும் அந்த இடத்தைக் கடந்துதான் வர வேண்டும் என்பதால், நாம் திரும்பினால் நம் மீது மோதக்கூடிய வண்டி இருப்பதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடமும் அதுவே.

கண்ணாடிக்கு வேறு குறைகளும் உண்டு. பல வண்டிகளில் கண்ணாடி சற்றே குவிந்திருக்கும். அது பரந்த பகுதியைக் காட்டினாலும் பின்னால் வருவதைச் சிறிதாகவும் தொலைவில் இருப்பதாகவும் காட்டும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் குறிப்பிட்ட வேகத்தில் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் வருவது பேருந்தா காரா என்று தெரியாதபடி உருவம் கலங்கிவிடும். கண்ணாடியை உள்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு ஓட்டுவோரையும், அழகு கெடுகிறது என்று கழற்றிவிட்ட இளைஞர்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, முதலில் கண்ணாடியைத் திரும்ப மாட்டுங்கள் என்பதைத்தான். தோள்பார்வை கண்ணாடிக்கு மாற்றாகாது. தொலைவில் என்ன வருகிறது என்பதைக் கண்ணாடி சொல்லும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தோள்பார்வை சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் பின்புறம் முழுமையாகத் தெரியும்.

புறப்படும் முன் சரிசெய்ய வேண்டியவை

கண்ணாடியைச் சரிசெய்யும்போது ஹெல்மெட்டை அணிந்துகொண்டு, ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திருப்பி வைத்தால் பயனில்லை. கண்ணாடியின் உள் ஓரத்தில் உங்கள் முழங்கையோ தோளோ ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். பாதிக் கண்ணாடியில் சட்டைக்கை தெரிந்தால் அந்தக் கண்ணாடி உங்களைத்தான் காட்டுகிறது, சாலையை அன்று. பின்னால் உள்ள சாலையும் வானமும் சந்திக்கும் கோடு கண்ணாடியின் நடுவில் இருக்க வேண்டும். காற்றில் தானாகத் திரும்பிக்கொள்ளும் கண்ணாடியின் நட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஹெல்மெட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹெல்மெட் போட்டால் பக்கத்தில் வருவது தெரிவதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். தரமான ஹெல்மெட்டின் திறப்பு அப்படி மறைப்பதில்லை. ஐரோப்பியத் தரவிதிப்படி முகத்தின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 105 பாகை வரை, அதாவது தோள்கோட்டுக்கும் சற்றுப் பின்னால் வரை, பார்வை மறைக்கப்படக் கூடாது. பெரும்பாலும் குறை அளவில்தான் இருக்கிறது. தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டை அணிந்தவர் தலையைத் திருப்பினால், தலை உள்ளே திரும்பும், ஹெல்மெட் பாதி வழியிலேயே நின்றுவிடும். அவர் கண்ணுக்குத் தெரிவது சாலை அன்று, ஹெல்மெட்டின் உட்புறப் பஞ்சு. சோதித்துப் பார்ப்பது எளிது. வாரை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுழன்றால் வேறு அளவு வாங்க வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழைக்கோட்டின் தொப்பியை ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டாலும் இதே தொல்லை நேரும். தலை திரும்பினாலும் தொப்பி திரும்பாமல் கண்ணின் ஓரத்தை மூடிவிடும். முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளும் பெண்கள், முடிச்சைப் போட்ட பிறகு ஒருமுறை தாடை தோளைத் தொடும் அளவுக்குத் தலை திரும்புகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எப்படிப் பார்ப்பது?

தோள்பார்வை என்பது முழுவதுமாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பதன்று. தாடை தோளை நோக்கிப் போகும் அளவுக்குத் தலையை மட்டும் திருப்பி, முழங்கைக்குப் பின்னால் உள்ள அந்த மறைவான இடத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே முன்னால் திரும்பிவிட வேண்டும். தலையைத் திருப்பாமல் கருவிழியை மட்டும் ஓட்டுவது போதாது. அப்படிப் பார்ப்பவர்களுக்குத் தெரிவது அவர்களுடைய கண்ணாடியின் விளிம்புதான்.

அந்தக் கணத்துக்கும் ஒரு விலை உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடியில் வண்டி ஐந்தரை மீட்டர் நகர்ந்திருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மீட்டருக்கு மேல். ஆகவே பின்னால் பார்ப்பதற்கு முன் முன்னால் பார்த்தாக வேண்டும். முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி இருக்கிறதா, அதன் பிரேக் விளக்கு எரிகிறதா, யாராவது குறுக்கே கடக்க நிற்கிறார்களா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே தலையைத் திருப்ப வேண்டும். முன்னே செல்லும் பேருந்தை ஒட்டிக்கொண்டு போகும்போது தோள்பார்வை பார்ப்பது பாதுகாப்பு அன்று. அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். முதலில் பின்வாங்கி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

பழகாதவர்கள் தலையைத் திருப்பும்போது வண்டி கோட்டை விட்டு விலகுவதைக் கவனித்திருப்பீர்கள். தலையோடு தோளும், தோளோடு கையும், கையோடு ஹாண்டில்பாரும் இழுபடுவதுதான் காரணம். பிடியை இறுக்காமல் முழங்கைகளைச் சற்று மடித்துத் தளர்வாக வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு தொடைகளாலும் டேங்கை அணைத்துக்கொண்டு, கழுத்து மட்டும் திரும்பப் பழகினால் வண்டி நேராகவே போகும். ஸ்கூட்டரில் அணைக்க டேங்க் இல்லை. அங்கே இரண்டு பாதங்களையும் தளத்தில் முழுவதுமாக ஊன்றி, இடுப்பை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வலப்புறம் திரும்புதல்

இடப்புறம் ஓட்டும் நாட்டில் மிக ஆபத்தான திருப்பம் வலப்புறத் திருப்பம்தான். சென்டர் மீடியன் இல்லாத ஒரு மாவட்டச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், வலப்புறம் பிரியும் ஊர்ச்சாலைக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பலர் செய்வது என்னவென்றால், சாலையின் இடது ஓரத்திலேயே போய், பிரிவுக்கு நேராக வந்ததும் இண்டிகேட்டரைப் போட்டு, அதே நொடியில் ஹாண்டிலைத் திருப்பிவிடுவது. வண்டி மெதுவாவதைப் பார்த்துப் பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர், ‘இவர் ஓரமாக நிற்கப் போகிறார்’ என்று எண்ணி வலப்புறமாக முந்தத் தொடங்கியிருப்பார். இருவரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள்.

இதைச் செய்ய வேண்டிய முறை வருமாறு. பிரிவுக்கு ஏறக்குறைய 100 மீட்டர் முன்பே தொடங்குங்கள். அந்த வேகத்தில் உங்களுக்கு ஏழு வினாடி இருக்கும். முதலில் வலது கண்ணாடியைப் பாருங்கள். பிறகு வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. ஏற்கெனவே யாராவது முந்திக்கொண்டிருந்தால் அவரைப் போகவிடுங்கள். யாரும் இல்லையென்றால் இண்டிகேட்டரைப் போடுங்கள். அது நாலைந்து முறையாவது மினுங்கிய பிறகே இடத்தை மாற்ற வேண்டும். இண்டிகேட்டர் என்பது அனுமதிச் சீட்டு அன்று, ஓர் அறிவிப்பு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லாரி இண்டிகேட்டர் போட்டால், அது திரும்பப் போகிறதா, நமக்கு வழி விடுகிறதா என்று நமக்கே குழப்பம் வருவதில்லையா? நம் இண்டிகேட்டரைப் பார்ப்பவருக்கும் அந்தக் குழப்பம் வரலாம். சந்தேகம் இருந்தால் வலது கையையும் நீட்டிக் காட்டுங்கள்.

அடுத்து, சாலையின் நடுக்கோட்டை நோக்கி மெல்ல, சாய்வான ஒரு கோட்டில் நகருங்கள். நடுக்கோட்டுக்கு அருகில் நீங்கள் இருந்தால்தான் பின்னால் வருபவர் உங்களை இடப்புறமாகக் கடந்துபோக முடியும். நகர்ந்துகொண்டே மீண்டும் கண்ணாடியைப் பார்த்து, பிரேக்கை ஓரிருமுறை லேசாகத் தொட்டு, பின் விளக்கு மினுங்கும்படி வேகத்தைக் குறையுங்கள். எதிரே வண்டி வந்தால் நடுக்கோட்டுக்கு இப்பால் நின்று காத்திருங்கள். அப்படி நிற்கும்போது முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும்; இப்போதே வலப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றால், பின்னால் யாராவது இடித்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தின் நடுவில் போய் விழுவோம்.

எதிரே இடைவெளி கிடைத்துவிட்டது. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். இடைவெளியைக் கண்ட மகிழ்ச்சியில் கிளட்சை விட்டுவிடுகிறார்கள். கிளட்சை விடும் முன், ஹாண்டில் அசையும் முன், வலது தோளுக்கு மேல் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். முன்பே பார்த்தோமே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் 20 கிலோமீட்டருக்குக் குறைத்திருக்கிறீர்கள், பின்னால் ஒரு பேருந்து 70-இல் வருகிறது என்றால், அது ஒவ்வொரு வினாடியும் உங்களை 14 மீட்டர் நெருங்குகிறது. மூன்று வினாடிக்கு முன் கண்ணாடியில் சிறு புள்ளியாகத் தெரிந்தது இப்போது 40 மீட்டருக்கு மேல் நெருங்கிவிட்டிருக்கும். பொறுமையற்ற ஓட்டுநர் உங்களை இடப்புறம் கடக்காமல் எதிர்ப்பக்கத்தில் ஏறி வலப்புறமாகவே முந்துவதும் நம் சாலைகளில் நடக்கக்கூடியதுதான். அந்தக் கடைசிப் பார்வைதான் உயிர்காப்பான் என்ற பெயருக்கு உரியது. அதை மிக முன்னதாகப் பார்த்தால் பழைய செய்தியை வைத்துக்கொண்டு திரும்புகிறோம். திரும்பத் தொடங்கிய பிறகு பார்த்தால் ஒன்றும் செய்ய இயலாது. தலை பின்னால் இருக்க, வண்டி வளைவை விட்டு விலகிப் போகும். திருப்பத்துக்குச் சற்று முன், வண்டி இன்னும் நேராக இருக்கும்போது, ஒரே ஒருமுறை. அதன் பிறகு கண் நுழையப் போகும் தெருவின் மீது இருக்க வேண்டும். அங்கே யாராவது நடந்து கடந்துகொண்டிருக்கலாம், மாடு படுத்திருக்கலாம். திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரை அணைக்கவும். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது தானாக அணையாது.

போக்குவரத்து வேகமாகவும் நெருக்கமாகவும் இருக்கும் சாலையில் நடுக்கோட்டில் நின்று காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடது ஓரமாக வண்டியை முழுவதும் ஒதுக்கி நிறுத்தி, காலை ஊன்றி, இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்த்து, இரு திசையும் ஓய்ந்த பிறகு குறுக்காகக் கடந்து போகலாம். இரண்டு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஜி.எஸ்.டி. சாலை போன்ற பிரிக்கப்பட்ட சாலைகளில் மீடியன் இடைவெளியில் யூ-டர்ன் எடுப்பதற்கும் இதே வரிசைதான். கூடுதலாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீடியன் இடைவெளியில் உங்களுக்கு முன் ஒரு காரோ வேனோ திரும்பக் காத்திருந்தால், அதன் மறைவில் ஒட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் வருபவருக்கு வேன் தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

இடப்புறம் திரும்புதல்

இடப்புறத் திருப்பத்தில் எதிர்ப் போக்குவரத்தைக் கடக்க வேண்டியதில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நமக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடம் இருந்தால் அதில் ஒரு ஸ்கூட்டரோ சைக்கிளோ நுழைந்துவிடும் என்பதே நம் நகரங்களின் நடைமுறை. நாம் மெதுவாகும்போது அவர்கள் வேகம் எடுப்பார்கள். வலது கண்ணாடி மட்டும் உள்ள வண்டிகளும் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் இடப்புறத்தைக் காட்ட தலையைத் தவிர எதுவும் இல்லை. திரும்புவதற்குச் சற்று முன் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தால் போதும். முன்கூட்டியே ஓரத்தை ஒட்டி வந்து அந்த இடைவெளியை மூடிவிடுவதும் உதவும்.

திருப்பம் என்று நாம் நினைக்காத திருப்பங்கள்

எனக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதிதான். தெருமுனையில் திரும்பும்போது பின்னால் பார்க்கும் நல்ல ஓட்டுநர்கூட, குழியைத் தவிர்க்க ஒதுங்கும்போது பார்ப்பதில்லை. பாதாளச் சாக்கடையின் மூடி, வேகத்தடையின் ஓரத்தில் உள்ள சந்து, சாலையில் படுத்திருக்கும் நாய், நிறுத்தத்தில் நிற்கும் பேருந்து, திறக்கும் கார்க் கதவு, தேங்கிய மழைநீர் ஆகியவற்றுக்காக ஒரு நாளில் எத்தனை முறை அரை மீட்டர், ஒரு மீட்டர் ஒதுங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவை எல்லாமே திசைமாற்றங்கள். இண்டிகேட்டரும் போடாமல், பார்க்கவும் செய்யாமல் நாம் செய்யும் திசைமாற்றங்கள்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், செம்மண் நீர் தேங்கிய ஒரு குழியைத் தவிர்க்க நான் வலப்புறம் ஒதுங்கினேன். ஒதுங்கிய அளவு ஒரு முழம்தான் இருக்கும். அதே கணத்தில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் பட்டு, மடங்கி, ‘டப்’ என்ற ஓசையோடு போனது. நான் விழவில்லை. கார்காரர் சற்றுத் தள்ளி நிறுத்தி, இறங்கி வந்து, என் கையைத்தான் முதலில் பார்த்தார். ஒரு சொல்கூடத் திட்டவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. அவர் தன் பாதையில் நேராக வந்தவர். அன்று முழங்கையில் வந்த வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. குழியைக் கண்டால் முதலில் தலை திரும்பும் பழக்கம் அன்று முதல் வந்ததுதான்.

குழி திடீரென்று தெரிந்தால் திரும்பிப் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நேரம் இல்லாதபோது பின்னால் பார்க்காமல் ஒதுங்குவதைவிட, பிரேக்கை அளவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, ஹாண்டிலை நேராகவும் உடலைத் தளர்வாகவும் வைத்துக் குழியிலேயே இறங்கி ஏறுவது பெரும்பாலும் குறைந்த ஆபத்து. ரிம் வளையலாம், ரிம்மை மாற்றிக்கொள்ளலாம். இதைவிட நல்ல வழி, பார்வையை முன்சக்கரத்துக்கு அருகில் வைக்காமல் நூறு மீட்டர் தள்ளி வைப்பது. தொலைவிலேயே குழி தெரிந்தால் கண்ணாடி, தோள்பார்வை, மெல்லிய ஒதுக்கம் என்று வரிசையாகச் செய்ய நேரம் தாராளமாக இருக்கும்.

சாலையோரத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போதும் வலது தோளுக்கு மேல் பார்த்தாக வேண்டும். சர்வீஸ் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுவது இன்னும் நுட்பமானது. அங்கே நம் வண்டி பிரதான சாலைக்குச் சாய்வாக நிற்கிறது. வண்டி சாய்ந்திருந்தால் கண்ணாடியும் சாய்ந்துதான் இருக்கும். அது காட்டுவது நாம் விட்டுவந்த சர்வீஸ் சாலையையும் ஓரத்துப் புளியமரத்தையும்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஆம்னிப் பேருந்தை அது காட்டாது. அந்த இடத்தில் கண்ணாடியை நம்பவே கூடாது. வேகத்தை நன்கு குறைத்து, தேவைப்பட்டால் நின்று, தோளையும் சேர்த்துத் திருப்பிப் பின்னால் முழுவதுமாகப் பாருங்கள்.

இரவும் பின்னிருக்கையும் கழுத்துவலியும்

இரவில் கண்ணாடியில் தெரியும் ஒற்றை வெளிச்சத்தை மோட்டார் சைக்கிள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு விளக்கு பழுதான லாரியாகவும் அது இருக்கலாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரிகிறது. அதற்கு முந்தைய வண்டிகளும் சைக்கிள்களும் இருளில் விளக்கே இல்லாமல் நம் தோளுக்குப் பின்னால் வரலாம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவர் உயரமானவராக இருந்தாலோ, நடுவே பள்ளிப் பை இருந்தாலோ பார்வை மறையும். அவரிடம் முன்பே சொல்லி, நீங்கள் தலையைத் திருப்பும் பக்கத்திலிருந்து அவர் சற்று விலகிக்கொள்ளச் செய்யலாம். ஆனால் “யாராவது வர்றாங்களா பாரு” என்று பார்க்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். வண்டியின் வேகமும் நீங்கள் திரும்பப் போகும் கணமும் அவருக்குத் தெரியாது.

கழுத்துத் தேய்மானம் உள்ள பெரியவர்கள் பலர் தலையைத் திருப்ப முடியாததாலேயே பார்க்காமல் திரும்புகிறார்கள். அவர்கள் இடுப்பிலிருந்தே உடலைச் சற்றுத் திருப்பலாம். அதற்கு வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால், முன்பு சொன்னது போல இடப்புறம் நிறுத்திக் கடப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இதைக் கடிந்து சொல்லாமல், உடன் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பழகும் முறை

போக்குவரத்தில் பழகாதீர்கள். விடுமுறை நாளில் ஒரு பள்ளி மைதானமோ காலி மனையோ போதும். சுண்ணாம்பால் 50 மீட்டருக்கு ஒரு நேர்கோடு போட்டு, இரண்டாவது கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மீதே ஓட்டுங்கள். நடுவில் வலது தோளுக்கு மேல் ஒருமுறை பாருங்கள். திரும்பி வந்து பார்த்தால் சக்கரத் தடம் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று மண்ணிலேயே தெரியும். தடம் விலகாத வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிறகு இடது தோள்.

அடுத்த கட்டத்துக்கு உடன் ஒருவர் வேண்டும். சென்ற ஆண்டு என் அண்ணன் மகளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தபோது, அவள் என்னைக் கடந்து போனதும் நான் பின்னால் நின்றபடி விரல்களை உயர்த்திக் காட்டுவேன். அவள் தோள்பார்வை பார்த்து எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஐந்து முறையும் “தெரியல சித்தப்பா” என்றுதான் சொன்னாள். தலை திரும்பியது, ஆனால் கண் எதையும் பார்க்கவில்லை. பலர் சாலையில் செய்வதும் இதுவே. கடமைக்குத் தலையைத் திருப்பிவிட்டு, எதையும் காணாமலே திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள்தான், கோடு பிசகாமல், “மூணு!” என்று கத்தினாள்.

கடைசிக் கட்டம் எல்லாவற்றிலும் முக்கியமானது. கோட்டின் முடிவில் வலப்புறம் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, சில முறை விரல்களையும் சில முறை மூடிய கையையும் காட்டினேன். விரல் தெரிந்தால் திரும்பலாம்; மூடிய கை தெரிந்தால் திரும்பக் கூடாது, இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போய்விட வேண்டும். இது கேட்பதற்கு எளிது. ஆனால் வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டரைப் போட்டு, உடலே திரும்பத் தயாரான பிறகு, திரும்பாமல் விடுவதற்குத் தனியான பயிற்சி தேவைப்படுகிறது. மூடிய கையைப் பார்த்த பிறகும் அவள் நான்கு முறை திரும்பிவிட்டாள். “பார்த்தேன் சித்தப்பா, ஆனா கை தானா திரும்பிடுச்சு” என்றாள். அது நிற்கும் வரை, அரைநாள் முழுவதும் அதை மட்டுமே செய்தோம்.

மைதானத்தை விட்டு அவளைச் சாலைக்கு அழைத்துப்போன முதல் நாள் நான் என் வண்டியில் பின்னால் போனேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய மீடியன் இடைவெளிக்கு முன் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், வலப்புறம் நகர்ந்தாள், தலையைத் திருப்பினாள். அவளுக்கும் மீடியனுக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்துகொண்டிருந்தது. இண்டிகேட்டர் அணைந்தது. வண்டி நேராகப் போய், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த அடுத்த இடைவெளியில் திரும்பி வந்தது.